மாமாவைத் தூங்கவைக்கக் கப்பலேறினேன்

பினாங்கில் என் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “ஊருக்கு எதற்குப் போகிறீர்கள்? கல்யாணமா, காரியமா?” நான் உள்ளதைச் சொன்னேன். “என் அக்கா வீட்டுக்காரருக்குத் தூக்கம் வரவில்லை. தூங்கவைத்துவிட்டு வரப் போகிறேன்.” கேட்டவர்கள் சிரித்தார்கள். பக்கத்துக் கடைச் சீனர் மட்டும் சிரிக்காமல் ஒரு தைலப் புட்டியைக் கையில் திணித்து, “உள்ளங்காலில் தேய்க்கச் சொல்” என்றார். தூக்கம் போனவனின் கஷ்டம் அவருக்குத் தெரிந்திருந்தது.

அக்கா தங்கம்மாளின் கடிதங்கள் இருபது வருஷமாக ‘இவ்விடம் யாவரும் க்ஷேமம்’ என்று தொடங்கி, அதையே இன்னொரு தரம் சொல்லி முடியும். இந்தக் கடிதம் அப்படியில்லை. மாமாவுக்கு நெஞ்சு வலி வந்தது. சத்தமில்லாத இடத்தில் கொஞ்ச காலம் ஓய்வெடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். திருப்பூர் மண்ணரையில் பனியன் கம்பெனிக்கு நடுவில் இருக்கிற வீட்டை விட்டு, ஊத்துக்குளியில் மாமாவின் அக்கா வீட்டுக்கு வந்து ஒரு மாதமாகிறது. வந்த நாளிலிருந்து மாமா கண்மூடவில்லை. ராத்திரிக்கு ஒரு மணி நேரம் அயர்ந்தால் அதிகம். இப்படியே போனால் இதயம் தாங்காது என்கிறார் டாக்டர். “நீ வந்தால் தேவலை, தம்பி” என்று முடித்திருந்தாள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் நான் கப்பலேறினேன்.

கப்பலில் எஞ்சினுக்கு நேர் மேலே எனக்கு இடம். மற்றவர்கள் பரிதாபப்பட்டார்கள். நான் குழந்தை மாதிரி தூங்கினேன். அதற்கும் ஒரு காரணம் உண்டு. பதினாலு வயசில் சித்தப்பாவோடு பினாங்குக்குப் போன புதிதில் எனக்கும் ஆறு மாதம் தூக்கம் வரவில்லை. ஊர் ஏக்கம் என்றார்கள். பிறகு கீழ் வீட்டில் ஒரு சீனக் குடும்பம் குடிவந்து, ராத்திரியெல்லாம் மாஜோங் ஆடத் தொடங்கியது. ஆட்டக் கட்டைகளை மேசையில் போட்டுக் கலைக்கிற அந்தக் கடகட சத்தத்தில்தான் எனக்குத் தூக்கம் திரும்பி வந்தது. இன்றைக்கும் அவர்கள் வெளியூர் போனால் நான் கொட்டக் கொட்ட விழித்திருப்பேன். ஆகவே மாமாவின் வியாதியைக் கேட்டதும் எனக்கு வைத்தியம் புரிந்துவிட்டது என்றே நினைத்தேன். அரைகுறை வைத்தியன் எவ்வளவு ஆபத்தானவன் என்பது பிறகுதான் தெரிந்தது.

மாமா தூங்கிப் பழகிய வீட்டை முதலில் பார்த்துவிடலாம் என்று திருப்பூர் ஸ்டேஷனில் இறங்கி ஒரு குதிரை வண்டி பிடித்தேன். குதிரை ஒவ்வொரு டீக்கடை வாசலிலும் நின்றது. வண்டிக்காரர் இறங்கவில்லை, அடிக்கவும் இல்லை.

“முன்னால டீத்தூள் யாவாரி ஊட்டு வண்டி இழுத்துட்டு இருந்துச்சுங்க. பழக்கம் போக மாட்டீங்குது. ஒரு டீ குடிச்சாப் போயிருமுங்க.”

“குதிரையா?”

“நாமதானுங்க.”

மண்ணரை போய்ச் சேர்வதற்குள் ஐந்து டீ குடித்திருந்தேன்.

மாமாவின் வீட்டில் முன்பாதி கம்பெனி, பின்பாதி குடித்தனம். நடுவில் ஒரு சுவர் மரியாதைக்கு நின்றது. அந்தப் பக்கம் நான்கு பனியன் மிஷின்கள் இரவு பகலாக ஓடின. வட்டமாக நிற்கும் நூற்றுக்கணக்கான ஊசிகள் ஏறி இறங்க, கீழே துணி குழாய் போல இறங்கிக்கொண்டே இருந்தது. பேச்செல்லாம் கைச் சைகையில். சோறு வேண்டுமென்றால் ஒரு சைகை, ரசம் வேண்டுமென்றால் இன்னொன்று. மாமா இல்லாதபோது கம்பெனியைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜர் இப்ராகிம் பாய், முதல் மிஷின் வந்த நாளிலிருந்து இங்கே இருப்பவர். என்னை வாசலுக்கு அழைத்துப் போய்க் காதருகில் கத்தினார்.

“மொதலாளி இந்தச் சத்தத்துலதானுங்க இருவது வருசமாத் தூங்குனாரு! நடுச்சாமத்துல கரண்ட் போச்சுன்னு வைங்க, மிஷின் நிக்கும். அடுத்த நிமிசம் உள்ளயிருந்து கேப்பாரு, ‘பாய், கரண்ட் போச்சா?’ன்னு. ஒரு நாளும் தப்புனதில்லீங்க!”

நான் வெற்றிப் புன்னகை பூத்தேன். மாஜோங் இல்லாத நானும் மிஷின் இல்லாத மாமாவும் ஒரே ஜாதி. அன்றிரவு மாமாவின் கட்டிலில் படுத்துப் பார்த்தேன். ஐந்து டீயும் நான்கு மிஷினும் சேர்ந்து என்னை விடியும்வரை உட்காரவைத்தன.

இரண்டாம் நாள் பாசஞ்சர் வண்டியில் ஊத்துக்குளிக்குப் புறப்பட்டேன். எதிர் இருக்கையில் வெண்ணெய் விற்றுவிட்டுக் காலிப் பானையோடு திரும்பும் ஓர் அம்மா. என் சட்டையையும் பெட்டியையும் பார்த்துவிட்டு, “தூங்காத மனுசரு ஊட்டுக்குங்களா?” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமா அந்த ரயில் பாதை முழுக்கப் பிரபலமாகியிருந்தார்.

ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டி. மாட்டின் கழுத்து மணிகளுக்குள் கந்தல் துணி அடைத்திருந்தது. அச்சில் எண்ணெய் சொட்டியது. வண்டிக்காரர் என்னிடம் கிசுகிசுத்தார். “மயிலாத்தாக்கா உத்தரவுங்க. ஊருக்குள்ள சத்தம் ஆகாதுங்க.”

மயிலாத்தாள் என்பவர் மாமாவின் அக்கா. நாங்கள் பெரியக்கா என்போம். கணவர் இல்லை. நான்கு எருமைகளும், வெண்ணெய் வியாபாரமும், ஊரே பயப்படுகிற நாக்கும் உண்டு. தம்பிக்கு அமைதி வேண்டுமென்று டாக்டர் சொன்னதும் அவர் ஊரையே அமைதியாக்கிவிட்டார். சேவல்கள் பக்கத்து ஊருக்கு அனுப்பப்பட்டன. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாட்டை உதட்டை அசைத்துச் சொன்னார்கள். இரண்டு பேர் வாய்க்கால் தகராறில் சட்டையைப் பிடித்துக்கொண்டு கிசுகிசுவென்று திட்டிக்கொண்டதை நானே பார்த்தேன். பினாங்கில் பெரிய ஆஸ்பத்திரியில்கூட இப்படியோர் அமைதியை நான் கண்டதில்லை.

மாமா வாசல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கண்ணிரண்டும் மிளகாய்ப் பழம். சதை வற்றி, வேட்டி இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டியிருந்தார். இந்த மனிதர் இன்னும் எத்தனை நாள் தாங்குவார்?

“வாங்க மாப்பிள்ளை. கப்பல்ல நல்லாத் தூங்குனீங்களா?” என்று கேட்டார். அதைக் கேட்கும்போது அவர் முகத்தில் இருந்த பொறாமையை நான் மறக்கமாட்டேன்.

அக்கா பின்னால் நின்றாள். அவள் கண்ணுக்குக் கீழேயும் கரி பூசியது போல இருந்தது. மாமா விழித்திருக்கும்போது தான் படுக்கக்கூடாது என்று ராத்திரி முழுக்க விசிறியோடு உட்கார்ந்திருக்கிறாள், கவலையில் இளைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். ஊரே மாமாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கடல் தாண்டி வந்த நானும் அதையேதான் செய்தேன்.

சாப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. அரிசியும் பருப்பும் சேர்த்து வேகவைத்த சோறு, அதன் தலையில் ஓர் உருண்டை புது வெண்ணெய். பினாங்கில் டின்னில் வருவதை வெண்ணெய் என்று நம்பிக்கொண்டிருந்ததற்கு வெட்கப்பட்டேன். பெரியக்கா பரிமாறிக்கொண்டே தன் குறையைக் கிசுகிசுத்தார்.

“இந்தக் கருப்பி எருமைக்கு என்ன வந்துச்சோ சாமி, மத்தியானமானா கொட்டகையில குறட்டை உடுது. வைத்தியரு வந்து மொளகும் பூண்டும் வெத்தலையும் அரைச்சுக் கசாயம் ஊத்துனாரு. பத்து நாளா மூங்கக் குழாய்ல ஊத்தறேன். குறட்டை நிக்கல. பாலுதான் நின்னுபோச்சு.”

எருமை குறட்டை விடுமா என்று எனக்குத் தெரியாது. எருமையைப் பார்த்தே இருபது வருஷமாகியிருந்தது. கருப்பி அன்று கொட்டகையிலிருந்து என்னைப் பார்த்த பார்வையில் ஒரு நியாயமான கோபம் இருந்தது என்பதை மட்டும் பிறகு உணர்ந்தேன்.

சாப்பிட்டு முடித்ததும் நான் என் சித்தாந்தத்தை விளக்கினேன். மாமாவுக்கு வேண்டியது அமைதி இல்லை, சத்தம். இருபது வருஷம் சத்தத்தில் தூங்கியவரைச் சத்தமில்லாத ஊரில் கொண்டுவந்து போட்டால் எப்படித் தூங்குவார்? பெரியக்கா யோசித்தார். அமைதியில் பலன் இல்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. “அப்பச் சத்தம் போட்டுருவோம்” என்றார், வாய்விட்டு. ஒன்றரை மாதத்தில் அந்த ஊரில் கேட்ட முதல் முழுக்குரல் அதுதான்.

மூன்றாம் நாள் ஊர் தலைகீழாக மாறியது. பினாங்கிலிருந்து நான் கொண்டுவந்த டிரான்சிஸ்டரை முதலில் வைத்தேன். இரண்டு நிலையங்களுக்கு நடுவில் முள்ளை நிறுத்தினால் சர்ரென்று ஓர் இரைச்சல் வரும், அது தாலாட்டு மாதிரி இருக்கும். மாமா கண்ணை மூடிக் கேட்டார். பிறகு திறந்தார்.

“மழையாட்டம் இருக்குதுங்க மாப்பிள்ளை. மழை பேஞ்சா நூல் நமுத்துப்போகுமேன்னு நெனப்பு வருது. எப்புடித் தூங்கறது?”

பக்கத்துத் தோட்டத்து மோட்டார் அறையில் கட்டில் போட்டோம். பத்து நிமிஷத்தில் எழுந்து வந்துவிட்டார். “தண்ணி வீணாப் போகுதுங்க. ஒருத்தரும் மடை மாத்தலீங்க.” செக்கு ஆட்டுகிற இடத்துக்கு அழைத்துப் போனோம். மாடு களைத்துவிட்டது என்று வருத்தப்பட்டு, அதை அவிழ்த்துத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தார். பெரியக்கா தலைமாட்டில் உட்கார்ந்து மத்தால் தயிர் கடைந்தார். மாமாவின் இமை மெல்ல இறங்கியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வெண்ணெய் திரண்டதும் பெரியக்கா பழக்கத்தில் மத்தை நிறுத்திவிட்டார்.

சாயங்காலம் ஸ்டேஷன் பிளாட்பாரத்துக்கே கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனோம், கூட்ஸ் வண்டிச் சத்தத்துக்காக. ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனிதர். மாமாவுக்குப் பிளாட்பார டிக்கெட் கொடுத்தார். கட்டிலுக்கு உண்டா என்று புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியானார். கூட்ஸ் மூன்று மணி நேரம் தாமதமாக வந்தது. அந்த மூன்று மணி நேரமும் மாமா அவரோடு சேர்ந்து அதைப் பற்றிக் கவலைப்பட்டார்.

திரும்பும் வழியில் நான் கேட்டேன். “மாமா, உங்களுக்கு எந்தச் சத்தம்தான் வேண்டும்? சரியாகச் சொல்லுங்கள்.”

அவர் வண்டியில் சாய்ந்துகொண்டார். “அது வந்துங்க மாப்பிள்ளை, மொதல்ல நல்லா இழுக்கோணும். இழுத்துட்டு, உடலாமா வேண்டாமான்னு ஒரு நொடி நிக்கோணும். அப்புறம் லேசா விசில் அடிச்சாப்புல உட்ரோணும். மறுக்கா இழுக்கோணும். எம்பட மிஷின்லதான் அது இருக்குது.”

நான் பாய்க்கு ஆள் அனுப்பினேன். நான்காம் நாள் காலை பாசஞ்சரின் பிரேக் வேனில், கம்பெனி ஆரம்பித்த காலத்துக் கையால் சுற்றுகிற பனியன் மிஷின் ஒன்று வந்து இறங்கியது. கரண்ட் இல்லாத வீட்டில் அதுதான் ஓடும். கூடவே பாயும் வந்தார், நூல் கோன்களைக் கட்டிப்பிடித்தபடி. மாமா சொன்ன அடையாளத்தைக் கேட்டதும் பாய்க்கு ரோஷம் வந்தது.

“எம்பட மிஷின் விசில் உடாதுங்க! உட்டா ஊசி ஒடஞ்சிருக்கோணும்!”

“அப்போ ஒன்றை உடைத்துவிடலாமா?” என்றேன்.

பாய் என்னைக் கொலைகாரனைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்தார். குறடை எடுத்து, கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஓர் ஊசியை நெரித்தார்.

ஊரில் கை பலமுள்ளவர்கள் எல்லாரும் முறை போட்டுச் சுற்றினார்கள். இருட்டியும் விடவில்லை. மாமா பக்கத்துக் கட்டிலில் படுத்தார். ஒரு நிமிஷம் போனது.

“பாய், ஓட்டை உளுகுதுங்களே.”

“ஆமாங்க மொதலாளி. ஊசி இல்லீங்களே.”

“எத்தனை கெஜம் வீணாப் போச்சு?”

“நீங்க தூங்குங்க மொதலாளி!”

அதற்குமேல் மாமாவைப் படுக்கவைக்க முடியவில்லை. எழுந்து உட்கார்ந்து துணியை விளக்கில் பிடித்துப் பார்த்தார். ஊசியை மாற்றச் சொன்னார். மாற்றினோம். இப்போது துணி நன்றாக வந்தது. நல்ல துணி வரும்போது தொழில்காரன் எவனாவது தூங்குவானா? தானே கைப்பிடியை வாங்கிச் சுற்ற ஆரம்பித்தார். விடியும்போது வாசலிலிருந்து கிணற்றடி வரை வெள்ளைக் குழாய்த் துணி வளைந்து வளைந்து கிடந்தது. அதில் ஊரிலுள்ள வெண்ணெய்ப் பானைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு உறை கிடைத்தது. எனக்குக் கிடைத்தது ஒரு சுளுக்கு. தூக்கக் கலக்கத்தில் அந்தத் துணி தடுக்கி விழுந்து, கணுக்கால் வீங்கிவிட்டது. சீனரின் தைலம் கடைசியில் என் காலுக்குத்தான் பயன்பட்டது.

ஐந்தாம் நாள் பாய் முடிவாகச் சொன்னார். “கை மிஷின் வேற, கரண்ட் மிஷின் வேறங்க. மண்ணரைக்கே கூட்டிட்டுப் போறேன். அவரு கட்டில்ல, அவரு மிஷினுக்குப் பக்கத்துல படுக்க வெச்சுப் பாத்துருவோம். அங்கயும் தூங்கலீன்னா…” என்று நிறுத்திக்கொண்டார். அக்காவும் கிளம்பினாள். “நீ எதுக்குப் புள்ள? ஊட்டைப் பாத்துக்கோ” என்று பெரியக்கா தடுத்துவிட்டு, மலைக்கோயில் முருகனுக்கு வேண்டிக்கொள்ளப் போனார். வீட்டில் வீங்கிய காலோடு நானும், அக்காவும், நான்கு எருமைகளும் மிஞ்சினோம்.

மத்தியானம் நான் கட்டிலில் சாய்ந்திருந்தேன். கொட்டகையிலிருந்து குறட்டை கேட்டது. கருப்பிதான். அடடா, பெரியக்கா சொன்னது உண்மைதானா என்று ஒரு தடியை ஊன்றிக்கொண்டு நொண்டி நொண்டிப் போய்ப் பார்த்தேன்.

கருப்பி நின்றபடி அசைபோட்டுக்கொண்டிருந்தது. நன்றாக விழித்திருந்தது. அதன் காலடியில், வைக்கோலின் மேல், தாடையைச் சுற்றித் துண்டால் தலையோடு இறுகக் கட்டிக்கொண்டு, என் அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள்.

துண்டு கட்டியிருந்தும் சத்தம் அடங்கவில்லை. இழுத்தது. விடலாமா வேண்டாமா என்று ஒரு நொடி நின்றது. பிறகு லேசாக விசிலடித்து விட்டது. மறுபடியும் இழுத்தது.

நான் அப்படியே தீவனத் தொட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பதினாலு வயசு வரை ஒரே அறையில், ஒரே பாயில், அதைக் கேட்டுத்தானே தூங்கினேன்! பினாங்கில் அந்த ஆறு மாதமும் என்னைத் தூங்கவிடாமல் செய்தது ஊர் ஏக்கமில்லை, இது இல்லாததுதான். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று சாய்ந்தேன்.

அக்கா என்னை உலுக்கி எழுப்பினாள். தொட்டியிலேயே தூங்கிப்போயிருந்தேன். அவள் முகம் வெளுத்துக் கிடந்தது.

“நீ கேட்டுட்டியா கண்ணு? ஒருத்தருகிட்டயும் சொல்லிப்போடாதே!”

பிறகு அழுதுகொண்டே சொன்னாள். ஊத்துக்குளிக்கு வந்த முதல் ராத்திரி, இந்த அமைதியில், அவள் குறட்டை வீடு முழுக்கக் கேட்டிருக்கிறது. பெரியக்கா எழுப்பி உட்காரவைத்துக் கேட்டாராம்: “பொம்பளையா புள்ள நீ? ஊட்டுக்குள்ள மரம் அறுக்கறாப்புல இருக்குது. எந்தம்பி இருவது வருசமா இதுக்குப் பக்கத்துலயா படுத்துக் கெடந்தான்? அதுதான் அவனுக்கு நெஞ்சு வலி வந்துபோச்சு.”

“மண்ணரையில மிஷின் ஓடும். எம்பட சத்தம் ஒருத்தருக்கும் கேக்காதுன்னு நெனச்சுட்டு இருந்தேன் தம்பி. என்னாலதான் அவருக்கு வலி வந்துச்சுன்னு சொன்னதுக்கப்புறம் நான் எப்புடிப் படுப்பேன்? ராத்திரியில கண்ணை மூடறதே இல்ல. தாங்க முடியாதப்ப இங்க வந்து, எருமைக்குப் பக்கத்துல…”

பெரியக்காமேல் எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. “அக்கா, மாமா தூக்கம் போனதே நீ நிறுத்தினதால்தான்” என்றேன். அவள் நம்பவில்லை.

“சும்மா இரு. அவருக்கு மிஷின்தான். கரண்ட் போனா முழிச்சுக்குவாரு தெரியுமா? இன்னைக்கு மண்ணரையில நல்லாத் தூங்குவாரு பாரு.”

“கரண்ட் போனதும் நீ என்ன பண்ணுவாய்?”

“எந்திரிச்சு லாந்தர் பத்த வெப்பேன். அப்புறம் என்ன, இருட்டுலயா இருக்கறது?”

சொல்லிவிட்டு அவளே வாயைப் பிளந்தாள். இருந்தாலும் ஒப்புக்கொள்ளவில்லை. “அவரு வரட்டும். பாப்போம்” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆறாம் நாள் பதினோரு மணி வாக்கில் மாட்டு வண்டி வந்தது. பாய் இறங்கும்போதே தெரிந்துவிட்டது. மாமாவை இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். தன் கட்டிலில், தன் நான்கு மிஷின்களுக்குப் பக்கத்தில், விடிய விடிய உட்கார்ந்திருந்தாராம்.

“டாக்டரைப் பாத்துட்டுத்தான் வர்றமுங்க. சாயங்காலத்துக்குள்ள கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிப்போட்டாரு. உங்க அக்காவையும் கூட்டிட்டுப் போகத்தான் இங்க வந்தது, வாடகைக் காருக்குச் சொல்லியாச்சுங்க” என்று பாய் சொல்லும்போதே குரல் உடைந்தது. ஊர் வாசலில் கூடியது. பெரியக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். மாமா யாரையும் பார்க்கவில்லை. “எம்பட மிஷினும் கைவிட்டிருச்சுங்க மாப்பிள்ளை” என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். ஊர் முன்னால், பெரியக்கா முன்னால், அவள் இனி என்ன ஆவாளோ என்று எனக்குப் பயம். அவளுக்கும் இருந்திருக்கும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

“அவரு கட்டிலைக் கொட்டகையோரம் வேப்பமரத்தடியில போடச் சொல்லு தம்பி” என்றாள். சொல்லிவிட்டுக் கொட்டகைக்குள் போய்விட்டாள். துண்டை அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

எதற்கு என்று எல்லாரும் கேட்டார்கள். “பினாங்கு வைத்தியம்” என்றேன். பினாங்கு என்றால் அந்த ஊரில் எதையும் ஒப்புக்கொள்வார்கள். மாமாவைப் படுக்கவைத்தோம். சாணி நாற்றம் என்று முனகினார். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. பயத்தில் அவளுக்குத் தூக்கமே வராமல் போய்விட்டால் என்ன செய்வது? ஆனால் பாவம், ஒன்றரை மாதத் தூக்கம் பாக்கி இருந்த உடம்பு. உள்ளேயிருந்து அது மெல்ல எழுந்தது. இழுத்தது. நின்றது. விசிலடித்து விட்டது.

மாமாவின் தலை தலையணையில் திரும்பியது. “பாய், இதுதானுங்க… இது…” என்றார். அந்த வாக்கியம் இன்றுவரை முடியவில்லை. வாய் திறந்தபடி தூங்கிப்போனார்.

ஊர் மூச்சுவிட மறந்து நின்றது. பெரியக்காவுக்கு மட்டும் கடமை நினைவுக்கு வந்தது. “பாளாப்போன கருப்பி மறுக்காவும் ஆரம்பிச்சிருச்சு” என்று கசாயத்தையும் மூங்கில் குழாயையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தார். நான் நொண்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். தடுக்க முடியவில்லை.

உள்ளே அவர் நின்றுகொண்டிருந்தார். கீழே படுத்திருந்த அக்காவைப் பார்த்தார். நிமிர்ந்து, அசைபோடும் கருப்பியைப் பார்த்தார். பிறகு வெளியே கட்டிலில் கிடந்த தம்பியைப் பார்த்தார். கசாயக் கிண்ணத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். தன் மாராப்பால் அக்காவின் முகத்தில் உட்கார்ந்த ஈயை விரட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு ஆத்திரம் போன இடம் தெரியவில்லை.

வெளியே யாரோ கிசுகிசுத்தார்கள். “ஏனுங்க மயிலாத்தாக்கா, எருமை பலமாக் குறட்டை உடுதாட்டம் இருக்குதுங்களே?”

பெரியக்கா வாசலை மறைத்து நின்றுகொண்டார். “ஆமா, எருமைதான். அது எம்பட எருமை. எத்தனை வேணுமுன்னாலும் குறட்டை உடும். போய் அவங்கவங்க வேலையப் பாருங்க.”

ஆஸ்பத்திரிக்குப் போக வந்து நின்ற வாடகைக் கார் காலியாகவே திரும்பிப் போனது. அன்று மத்தியானமும், சாயங்காலமும், இரவும், மறுநாள் காலை வெயில் ஏறும்வரையிலும் இரண்டு பேரும் தூங்கினார்கள். நானும் பாயும் கட்டிலுக்குக் காவலிருந்தோம். பெரியக்கா கொட்டகையை விட்டு நகரவில்லை. மற்ற எருமைகளைக் கிணற்றடியில் வைத்துக் கறந்தார்கள்.

வெயில் முகத்தில் பட்டு அக்கா பதறியெழுந்தாள். தலையெல்லாம் வைக்கோலாக வெளியே ஓடி வந்தாள். அவள் சத்தம் நின்ற அடுத்த நிமிஷம் கட்டிலில் மாமா கண்ணைத் திறந்தார். கண்ணில் சிவப்பு இல்லை. எங்கே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. பழக்கத்தில் கேட்டார்.

“பாய், கரண்ட் போச்சா?”

பாய் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கொட்டகை வாசலில் பெரியக்காவின் பக்கத்தில் நின்றிருந்தாள். முகம் சிவந்து, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை.

“இல்லீங்க” என்றாள். “நாந்தானுங்க எந்திரிச்சுட்டேன்.”

மாமா அவள் தலையிலிருந்த வைக்கோலைப் பார்த்தார், பின்னால் கொட்டகையைப் பார்த்தார். மெல்லப் புரிந்தது அவருக்கு. பிறகு கட்டிலில் சற்று நகர்ந்து படுத்து, அவளுக்கு இடம் விட்டார்.